மனிதச் செல்களில் தன்னுண்ணல் புரதங்களை எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஆராய்வது எப்படி: ஆய்வுக்கூடத்துக்குப் புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பழுதடைந்த புரதங்களையும் தேய்ந்த மைட்டோகாண்டிரியாக்களையும் சவ்வுப் பைகளுக்குள் பொதிந்து, செல்லின் செரிமான அறையான லைசோசோமிடம் ஒப்படைத்து, செரித்துக் கிடைக்கும் மூலப்பொருள்களைச் செல் மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் முறையே தன்னுண்ணல். கிறிஸ்டியன் டி டுவ் 1963இல் இதற்குப் பெயர் சூட்டினார். இதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய், நரம்புச் சிதைவு, நோய்த்தொற்று ஆகியவற்றை ஆராயும் கூடங்களில் இன்று எவரேனும் ஒருவர் தன்னுண்ணலை அளந்துகொண்டிருப்பார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ சிங்கப்பூரின் ஆய்வு வளாகங்களான பயோபொலிசுக்கும் கெண்ட் ரிட்ஜுக்கும் ஊட்ரமுக்கும் பயிற்சிக்கு வரும் நம் மாணவர்கள் பலருக்கு முதலில் தரப்படும் வேலையும் இதுதான்: எல்சி3 என்னும் தன்னுண்ணல் புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு ஒரு வெஸ்டர்ன் பிளாட். செல் சாற்றிலுள்ள புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, தேடும் புரதத்தை எதிர்ப்பொருளால் ஒரு பட்டையாகக் காணும் சோதனை அது. குப்பியோடு வரும் தாளில் எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும் என்பது இருக்கும். தெரிந்த பட்டையை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது இருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகளை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் காணும் பட்டை உண்மையிலேயே நான் தேடும் புரதம்தானா? அதன் அளவு கூடியது என்றால் தன்னுண்ணல் கூடியது என்று பொருளா? முதல் கேள்விக்கான விடை எதிர்ப்பொருளைச் சோதிப்பதிலும், இரண்டாவதற்கான விடை சோதனையை வடிவமைப்பதிலும் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பவையே.

முதல் படி: எந்தப் புரதம் எதைச் சொல்கிறது

தன்னுண்ணலுக்கு ஒரு தொடக்கம், ஒரு நடு, ஒரு முடிவு உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் புரதங்கள் இருக்கின்றன. அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கும்போது செல்லின் ஊட்ட நிலையை உணரும் எம்டார் கூட்டமைப்பு யுஎல்கே1 என்னும் நொதியைப் பாஸ்பேட் ஏற்றி அடக்கிவைக்கிறது. பட்டினி வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. பிறகு பெக்லின் 1 இடம்பெறும் கூட்டமைப்பு செயல்பட்டு, விப்பி2, ஏடிஜி16எல்1 போன்றவை புதிய சவ்வு உருவாகும் இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கே எல்சி3 என்னும் சிறு புரதம் ஒரு கொழுப்பு மூலக்கூறோடு பிணைக்கப்பட்டுச் சவ்வில் பதிகிறது. பிணைக்கப்படாத வடிவம் எல்சி3-1, பிணைக்கப்பட்டது எல்சி3-2. இந்தப் பிணைப்பைச் செய்பவை ஏடிஜி7, ஏடிஜி3, மற்றும் ஏடிஜி12, ஏடிஜி5, ஏடிஜி16எல்1 ஆகியவை சேர்ந்த கூட்டமைப்பு. பி62 என்னும் மற்றொரு புரதம் ஒரு கையால் கழிவையும் மறு கையால் எல்சி3ஐயும் பற்றிக்கொண்டு பைக்குள் நுழைந்து, கழிவோடு தானும் செரிக்கப்படுகிறது.

ஆகவே எல்சி3-2 பைகளின் எண்ணிக்கையையும், பி62 செரிமானம் நடந்ததா என்பதையும், விப்பி2 புதிய பைகள் தொடங்குகின்றனவா என்பதையும் ஓரளவு காட்டும். எந்த ஒன்றும் தனியாக முழு விடையைத் தராது.

இரண்டாம் படி: எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

விலங்கிலிருந்து நேரடியாகப் பெறப்படும் பன்முக எதிர்ப்பொருள், ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே மாறும். கடந்த ஆண்டு அழகாக வேலை செய்தது இந்த ஆண்டு வேறு பட்டைகளைக் காட்டலாம். ஒற்றை வகை எதிர்ப்பொருள் இதைவிடச் சீரானது. அதிலும் அமினோ அமில வரிசை அறியப்பட்டு, மரபணுவிலிருந்து செல்களில் உற்பத்தி செய்யப்படும் மறுசேர்க்கை எதிர்ப்பொருளே நீண்டகால ஆய்வுக்கு ஏற்றது. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து.

எல்சி3 என்பது ஒரே புரதம் அன்று என்பதையும் கவனியுங்கள். மனிதச் செல்களில் எல்சி3ஏ, எல்சி3பி, எல்சி3சி, அவற்றோடு கபராப், கபராப்எல்1, கபராப்எல்2 என ஒரு குடும்பமே இருக்கிறது. எல்சி3பி என்று பெயரிட்டு விற்கப்படும் எதிர்ப்பொருள்களில் பல எல்சி3ஏயையும் பற்றும். எந்த உறுப்பினரைப் பார்க்கிறோம் என்பதை விவரத்தாளில் தேடிப் படித்த பிறகே வாங்க வேண்டும். ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டு புரதங்களைச் சேர்த்துச் சாயமேற்றப் போகிறீர்கள் என்றால், ஒன்று முயலிலிருந்தும் மற்றது எலியிலிருந்தும் பெறப்பட்டதாக இருக்கட்டும்.

மேலும், பிளாட்டில் சிறப்பாகச் செயல்படும் எதிர்ப்பொருள் நுண்ணோக்கிச் சாயமேற்றலில் முற்றிலும் தோற்கலாம். பிளாட்டில் புரதம் மடிப்பு அவிழ்ந்து கிடக்கிறது. செல்லுக்குள் அது மடிந்தும் வேறு புரதங்களோடு ஒட்டியும் இருக்கிறது. எனவே ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

மூன்றாம் படி: நம்பும் முன் சோதித்தல்

இந்தப் படியைத்தான் அவசரத்தில் பலர் தாண்டிவிடுகிறார்கள், இந்த வழிகாட்டியிலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான். 2023இல் வெளியான ஒரு பெரிய ஒப்பாய்வில் 65 மனிதப் புரதங்களுக்கான 614 வணிக எதிர்ப்பொருள்கள், அந்தந்த மரபணு நீக்கப்பட்ட செல்களோடு பக்கத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டன. கணிசமானவை தம் இலக்கையே பற்றவில்லை. அப்படிப்பட்டவற்றைப் பயன்படுத்திய கட்டுரைகளும் ஏராளமாக வெளிவந்திருந்தன. பெயர்பெற்ற நிறுவனத்தின் குப்பி என்பதோ, பலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதோ சான்று ஆகாது.

மிகத் தெளிவான சான்று ஒன்றே: அந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட செல்லில் பட்டை மறைய வேண்டும். ஏறத்தாழ ஒற்றைக் குரோமோசோம் தொகுதியே கொண்ட எச்ஏபி1 என்னும் மனிதச் செல் வரிசையில் ஒரு பிரதியை மட்டும் நீக்கினால் போதும் என்பதால், மரபணு நீக்கிய வடிவங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஹீலா, எச்இகே293 ஆகிய மனிதச் செல் வரிசைகளிலும் கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் முறையில் செய்யலாம். அது கைக்கெட்டாதபோது குறுக்கீட்டு ஆர்என்ஏ மூலம் புரதத்தைக் குறைத்துப் பார்ப்பது அடுத்த வழி. அங்கே பட்டை மறையாது, மங்கும். அதே புரதத்தின் வேறு பகுதியைப் பற்றும் இன்னொரு எதிர்ப்பொருளும் அதே மாற்றத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது மூன்றாவது வழி.

தன்னுண்ணல் ஆய்வில் ஏடிஜி7 நீக்கப்பட்ட செல் ஒன்றே நான்கு செய்திகளைத் தரும். இயல்பான செல்லின் சாற்றையும் ஏடிஜி7 இல்லாத செல்லின் சாற்றையும் அடுத்தடுத்த தடங்களில் ஓட்டிப் பாருங்கள். ஏடிஜி7 எதிர்ப்பொருளின் பட்டை மறையும். எல்சி3-2 பட்டை மறைந்து எல்சி3-1 தடிக்கும். ஏடிஜி5 எதிர்ப்பொருள் இயல்பான செல்லில் சுமார் 55 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) காட்டுவது ஏடிஜி12ஓடு பிணைந்த ஏடிஜி5; பிணைப்பு நடக்காத செல்லில் அது போய், சுமார் 32 கிலோடால்டனில் தனித்த ஏடிஜி5 தோன்றும். பி62 சேர்ந்து குவியும். இந்த நான்கும் ஒன்றாகப் பொருந்தி வரும்போது, உங்கள் எதிர்ப்பொருள்களும் செல்களும் உங்கள் கையும் சரியாக வேலை செய்கின்றன என்று நம்பலாம். ஒரு நுணுக்கம்: எல்சி3பி எதிர்ப்பொருள் எல்சி3பியைத்தான் பற்றுகிறதா என்பதற்கு ஏடிஜி7 நீக்கம் விடை தராது. அதற்கு எல்சி3பி நீக்கப்பட்ட செல்லே வேண்டும்.

நான்காம் படி: செல்களைத் தயார்செய்தல்

செல் வரிசைகளை வளர்ப்பதற்குக் கூடத்தின் உயிரியல் பாதுகாப்பு விதிகள் போதும். ஆனால் நோயாளியிடமிருந்து எடுத்த திசுவில் வேலை செய்வதானால் சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டமும் நிறுவன ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முன்னால் வந்து நிற்கும். திசு கைக்கு வருவதற்கு முன்பே இதை மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள்.

செல்கள் எவ்வளவு நெருக்கமாக வளர்ந்திருக்கின்றன என்பதே தன்னுண்ணலை மாற்றிவிடும். நிரம்பி வழியும் தட்டில் ஊட்டம் குறைந்து செல்கள் தாமாகவே பட்டினி கிடக்கும். ஆகவே எல்லாத் தட்டுகளும் ஒரே அடர்த்தியில், மிகாதபட்சத்தில் முக்கால் பங்கு நிரம்பிய நிலையில் இருக்கட்டும். சோதனை தொடங்குவதற்குச் சற்று முன் எல்லாவற்றுக்கும் புதிய ஊடகம் மாற்றுங்கள்.

தன்னுண்ணலைத் தூண்ட, அமினோ அமிலமும் சீரமும் இல்லாத ஏர்ல் உப்புக் கரைசலில் 2 மணி நேரம் வைக்கலாம். அதற்கு முன் செல்களை நன்றாகக் கழுவ வேண்டும். அடியில் தங்கும் கொஞ்சம் பழைய ஊடகமும் எம்டாரை விழித்திருக்கச் செய்யும். மருந்து வழியில் செல்வதானால் டோரின்1 சுமார் 250 நானோமோலார் அளவில் எம்டாரை நேரடியாக அடக்கும்.

செரிமானத்தைத் தடுக்க பாஃபிலோமைசின் ஏ1 பயன்படும். லைசோசோமை அமிலமாக்கும் பம்பை அது அடைக்கிறது. 100 நானோமோலார் அளவில் 2 முதல் 4 மணி நேரம் பல செல்களுக்குப் போதும். நீண்ட நேரம் வைத்தால் செல் வேறு வழிகளில் பாதிக்கப்பட்டு முடிவைக் குழப்பும். மருந்து டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைக்கப்பட்டது என்றால் மருந்தில்லாத தட்டுகளுக்கும் அதே அளவு கரைப்பானைச் சேருங்கள். குளோரோகுயினும் லைசோசோமைத் தடுப்பதே. ஆனால் அது, தன்னுண்ணலோடு தொடர்பில்லாத ஒற்றைச் சவ்வுப் பைகளிலும் எல்சி3யைப் பதியவைக்கக்கூடியது என்பதால், இரண்டும் கையில் இருந்தால் நான் பாஃபிலோமைசினையே பரிந்துரைப்பேன்.

ஐந்தாம் படி: சாறு எடுப்பதும் ஜெல் ஓட்டுவதும்

பி62 திரளாகச் சேரும் இயல்புடையது. டிரைட்டன் போன்ற மென்மையான சோப்பில் அதன் ஒரு பகுதி கரையாமல் அடியில் படிந்து, தெளிந்த சாற்றை மட்டும் எடுக்கும்போது கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். ஆகவே எஸ்டிஎஸ் என்னும் வலிய சோப்பை 1 முதல் 2 சதவீதம் கொண்ட கரைசலில் செல்களை முழுவதுமாக உடைப்பது நல்லது. டிஎன்ஏ வெளிப்பட்டுச் சாறு கோழையாகும். ஒலியலையால் அல்லது மெல்லிய ஊசி வழியாகச் செலுத்தி அதை அறுத்துவிடலாம். எஸ்டிஎஸ் குளிரில் வெண்மையாகப் படியும் என்பதால் இந்தச் சாற்றைப் பனிக்கட்டியில் வைக்காதீர்கள். குளிரூட்டியைக் கடுமையாக வைத்திருக்கும் நம் கூடங்களில் இருப்புக் கரைசல்கூட உறைந்து நிற்பதுண்டு, இளஞ்சூட்டில் கரைத்த பிறகே பயன்படுத்துங்கள். புரத அளவை பிசிஏ முறையில் காணுங்கள். பிராட்ஃபோர்டு முறைக்கு இந்தச் சோப்பு ஒத்துவராது.

எல்சி3-1 எளிதில் சிதையும். சாற்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து உறையவைத்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை உருக்குங்கள். ஒரு வளாகத்திலிருந்து இன்னொரு வளாகத்துக்கு மாதிரியைக் கொண்டுபோக வேண்டியிருந்தால், நம் ஊர் நண்பகல் வெயிலில் சில நிமிட நடைகூட உறைந்த குழாயை உருக்கிவிடும் என்பதால் உலர்பனியிலேயே கொண்டுசெல்லுங்கள்.

எல்சி3யின் இரு வடிவங்களும் 14 முதல் 18 கிலோடால்டனுக்குள் மிக நெருங்கி நிற்பவை. 15 சதவீத ஜெல் அல்லது 4 முதல் 20 வரையிலான படிநிலை ஜெல் இவற்றைப் பிரிக்கும். நீலச் சாயக்கோடு ஜெல்லின் அடியை நெருங்கும்போது பக்கத்திலேயே இருங்கள். கோடு வெளியேறிய பின்னும் ஓடவிட்டால் எல்சி3யும் பின்தொடர்ந்து வெளியேறிவிடும். மாற்றுவதற்கு 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள பிவிடிஎஃப் தாளே ஏற்றது, 0.45 துளையில் இவ்வளவு சிறிய புரதம் ஊடுருவிப் போய்விடலாம்.

தேடும் புரதத்தைப் பற்றும் முதன்மை எதிர்ப்பொருளை வழக்கமாக 1000 மடங்கு நீர்த்து, 4 டிகிரி குளிரில் இரவு முழுவதும் வைப்பார்கள்; உங்களுடையதற்கு எது சரி என்பதை மூன்று நான்கு நீர்த்தல்களில் வைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். பாஸ்பேட் ஏறிய வடிவத்தைத் தேடும் எதிர்ப்பொருளுக்குப் பால்பொடிக் கரைசல் வேண்டாம். பாலின் கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். மாட்டு ஆல்புமினைப் பயன்படுத்துங்கள். சோடியம் அசைடு பெராக்சிடேஸ் நொதியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், அந்த நொதி இணைக்கப்பட்டு, முதன்மை எதிர்ப்பொருளைப் பற்றிப் பட்டையைக் காட்டும் இரண்டாம் எதிர்ப்பொருளின் கரைசலில் அது இருக்கவே கூடாது.

ஆறாம் படி: பட்டைகளைப் படித்தல்

படம் வந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு முரண். கொழுப்பு சேர்ந்ததால் எல்சி3-2தான் எடை கூடியது. ஆனால் ஜெல்லில் வேகமாக ஓடிக் கீழே நிற்பதும் அதுவே. கொழுப்பின் நீர்வெறுக்கும் தன்மையால் அப்படி ஓடுகிறது. மேலே நிற்பது எல்சி3-1.

இனி நான்கு தடங்களை இடமிருந்து வலமாகப் பாருங்கள்: ஊட்டமுள்ள செல், ஊட்டமுள்ள செல்லுடன் பாஃபிலோமைசின், பட்டினிச் செல், பட்டினிச் செல்லுடன் பாஃபிலோமைசின். எடுத்துக்காட்டுக்காக, எல்லாத் தடங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும் ஆக்டின் புரதத்தோடு ஒப்பிட்ட எல்சி3-2 அளவுகள் முறையே 1, 3, 1.5, 6 என்று வைத்துக்கொள்வோம். தடுப்பு இல்லாத முதல் தடத்தையும் மூன்றாவதையும் மட்டும் பார்த்தால் பட்டினியால் சிறிதளவு கூடியதாகவே தெரியும். தடுத்ததால் தேங்கியதைக் கணக்கிட்டால் ஊட்ட நிலையில் 2, பட்டினியில் 4.5. பைகள் உருவாகும் வேகத்திலேயே கரைந்துகொண்டும் இருந்ததால்தான் மூன்றாம் தடம் மங்கலாக இருந்தது. அணையின் மதகை மூடினால்தான் ஆற்றில் எவ்வளவு நீர் வந்துகொண்டிருந்தது என்பது தெரியும்.

இப்போது நீங்கள் ஆராயும் ஒரு மருந்து, தடுப்பு இல்லாமலே எல்சி3-2ஐ 3 ஆக்குகிறது, பாஃபிலோமைசின் சேர்த்தாலும் அது 3ஆகவே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டை தடித்ததைக் கண்டு மருந்து தன்னுண்ணலைத் தூண்டுகிறது என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையில் அந்த மருந்து செரிமானத்தைத் தடுக்கிறது என்பதற்கே இந்த அடையாளம் பொருந்தும். ஒரே பட்டை எதிரெதிரான இரு பொருள்களைத் தரக்கூடியது. பாஃபிலோமைசின் தடங்கள் இல்லாத எல்சி3 பிளாட்டிலிருந்து தன்னுண்ணலின் ஓட்டத்தை, அதாவது பைகள் உருவாகிச் செரிக்கப்படும் வேகத்தை, பற்றி எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

எல்சி3-2ஐ எல்சி3-1ஆல் வகுப்பது பழைய கட்டுரைகளில் காணப்படும் வழக்கம். பல எதிர்ப்பொருள்கள் இரு வடிவங்களையும் சமமாகப் பற்றுவதில்லை. எல்சி3-1இன் அளவும் செல்லுக்குச் செல் வேறுபடும். ஆகவே ஆக்டின் அல்லது வின்குலினோடு ஒப்பிடுங்கள். பட்டை முழுக் கருப்பாக நிறைந்துவிட்ட படத்தை அளக்காதீர்கள். அதற்குமேல் எவ்வளவு கூடினாலும் எண் நகராது.

பி62 ஜெல்லில் சுமார் 62 கிலோடால்டனில் நிற்கும். தன்னுண்ணல் ஓடினால் அது குறைய வேண்டும் என்பது பொது விதி. ஆயினும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் என்ஆர்எஃப்2 என்னும் புரதம் பி62 மரபணுவின் படியெடுப்பைக் கூட்டுவதால், தன்னுண்ணல் நன்றாக நடக்கும்போதே பி62 ஏறவும் கூடும். சந்தேகம் வந்தால் அதன் தூது ஆர்என்ஏ அளவையும் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: நுண்ணோக்கியில் பார்த்தல்

பிளாட் தட்டிலுள்ள எல்லாச் செல்களின் சராசரியைத் தருகிறது. நுண்ணோக்கி ஒவ்வொரு செல்லையும் காட்டுகிறது. சோப்பு இங்கேதான் அதிகம் கெடுக்கும். டிரைட்டன் சவ்வுக் கொழுப்பைக் கரைத்து, அதில் பதிந்துள்ள எல்சி3-2ஐயும் கொண்டுபோய்விடலாம். எனவே உறைகுளிர் மெத்தனாலில் சுமார் 10 நிமிடம் வைப்பது, அல்லது 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திய பின் டிஜிடோனினோ சாப்போனினோ கொண்டு சவ்வைத் திறப்பது என்னும் இரு வழிகளையும் உங்கள் எதிர்ப்பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாப்போனின் திறக்கும் துளைகள் மீண்டும் மூடிக்கொள்ளும். பிந்தைய கழுவல்களிலும் எதிர்ப்பொருள் கரைசல்களிலும் அது இருந்தாக வேண்டும்.

ஊட்டமுள்ள செல்லில் எல்சி3 மெல்லிய மூடுபனியாகப் பரவியிருக்கும்; பட்டினியோடு பாஃபிலோமைசினும் சேர்ந்த செல்லில் உட்கருவைச் சுற்றிக் கூர்மையான ஒளிப்புள்ளிகள் திரண்டிருக்கும். எல்லாப் புள்ளியும் ஆட்டோபேகோசோம் என்னும் தன்னுண்ணல் பை ஆகாது. பி62 திரள்களில் எல்சி3 சவ்வில்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஏடிஜி5 இல்லாத செல்லில்கூட அத்தகைய புள்ளிகளைக் காணலாம். இதனால்தான் இயல்பான செல்லின் பக்கத்தில் ஏடிஜி5 அல்லது ஏடிஜி7 நீக்கிய செல்லையும் சாயமேற்ற வேண்டும் என்கிறேன். விப்பி2 புள்ளிகளையும் எண்ணினால் புதிய பைகள் தொடங்கும் வேகம் தனியே தெரியும். லைசோசோம் சவ்வுப் புரதமான லாம்ப்1ஓடு சேர்த்துச் சாயமேற்றினால் எல்சி3 லைசோசோமைச் சென்றடைந்ததா என்பது தெரியும்.

முதன்மை எதிர்ப்பொருள் இல்லாமல் இரண்டாவதை மட்டும் சேர்த்த ஒரு தகடு எப்போதும் இருக்கட்டும். எல்லாத் தகடுகளையும் ஒரே ஒளியளவில், ஒரே நேர அளவில் படமெடுங்கள். எந்தப் படம் எந்தத் தட்டிலிருந்து வந்தது என்பதை எண்ணுபவர் அறியாதபடி வேறொருவரைக் கொண்டு பெயர்களை மறைத்துவிடுங்கள். வேறு வேறு நாள்களில் செய்த குறைந்தது மூன்று தனிச் சோதனைகளை ஒப்பிடுங்கள். ஒரே தட்டின் நூறு செல்கள் நூறு சோதனைகள் ஆகா.

எட்டாம் படி: தொடக்கநிலைப் புரதங்களும் இழுத்தெடுத்தலும்

யுஎல்கே1இல் எம்டார் பாஸ்பேட் ஏற்றும் இடம் மனிதப் புரதத்தில் செரின் 758. எலிப் புரதத்தில் அதுவே 757. குப்பியில் 757 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். மனிதச் செல்லுக்கும் அது செல்லுபடியாகிறதா என்பதை மட்டும் உறுதிசெய்து, டோரின்1 கொடுத்ததும் பட்டை மறைகிறதா என்று பாருங்கள். பாஸ்பேட் வடிவத்தின் அளவை யுஎல்கே1இன் மொத்த அளவோடு சேர்த்தே காட்ட வேண்டும்.

பெக்லின் 1ஐ எதிர்ப்பொருளைக் கொண்டு சாற்றிலிருந்து இழுத்தெடுத்து அதன் கூட்டாளிகளைத் தேடும்போது, பயன்படுத்திய எதிர்ப்பொருளின் பெரிய பகுதியான கனச் சங்கிலியே சுமார் 50 கிலோடால்டனில் பெரும் பட்டையாக வந்து, சுமார் 60இல் நிற்கும் பெக்லினை நெருக்கும். 55இல் நிற்கும் ஏடிஜி12, ஏடிஜி5 இணையையும் மறைக்கும். இழுப்பதற்கு ஒரு விலங்கின் எதிர்ப்பொருளையும் பிளாட்டுக்கு வேறு விலங்கினுடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அதன் சிறிய பகுதியான மென் சங்கிலியை மட்டும் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துங்கள்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை

எதிர்ப்பொருளின் பட்டியல் எண், தொகுதி எண், எந்த விலங்கிலிருந்து பெறப்பட்டது, நீர்த்தல், நிலைப்படுத்திய முறை, எந்த மரபணு நீக்கிய செல்லில் சோதித்தீர்கள் என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். உலகப் பொது அடையாள எண்ணான ஆர்ஆர்ஐடியையும் சேர்த்தால், இதே சோதனையை வேறு நாட்டில் செய்ய முயல்பவரும் அதே எதிர்ப்பொருளைக் கண்டுபிடிப்பார். வெட்டாத முழு பிளாட் படத்தை எடை அளவுகோலுடன் சேமித்துவையுங்கள். புதிய குப்பி வந்த நாளில், பழைய குப்பி தீர்ந்துபோகும் முன்பே, இரண்டையும் ஒரே சாற்றில், ஏடிஜி7 நீக்கிய செல்லின் தடத்தையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகே புதியதைச் சோதனைக்கு எடுங்கள்.